உடற்குறையும் துறவுப் பயிற்சியும்: புதுச்சேரியின் அமல் கிரணை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

துறவு வாழ்க்கைக்குப் பயிற்சி பெற வருகிறவர்களிடம் மடங்களும் குருமடங்களும் ஆசிரமங்களும் முதலில் பார்ப்பது பெரும்பாலும் உடலைத்தான். படிப்பு, பக்தி, குடும்பம் எல்லாம் பிறகு. உடல் நலமாக இருக்கிறதா, கைகால்கள் சரியாக இருக்கின்றனவா என்ற கேள்வி எல்லாச் சமயங்களிலும் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. பிறந்தபின் நோயாலோ விபத்தாலோ உடற்குறை அடைந்த ஒருவர் இந்தப் பாதையில் வரும்போது அவருக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று வெளியே இருக்கும் விதி. மற்றொன்று அவருக்குள்ளேயே இருக்கும் விதி. "இந்த உடலோடு நான் தகுதியானவனா?" என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்வது அது. முதல் தடையைப் பற்றிச் சட்ட நூல்களில் படிக்கலாம். இரண்டாவதைப் பற்றி எழுதி வைத்தவர்கள் குறைவு. அப்படி எழுதி வைத்தவர்களில் ஒருவர் புதுச்சேரியில் வாழ்ந்தார். இந்தக் கட்டுரை முக்கியமாக அவரைப் பற்றியது.

விதிகள் சொன்னவை

பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 21ஆம் அதிகாரம், ஆரோனின் வழிவந்தவர்களில் பார்வையற்றவர், கால் ஊனமானவர், கை அல்லது கால் முறிந்தவர் பலிபீடத்தின் அருகில் வந்து பலி செலுத்தலாகாது என்கிறது. ஆனால் அதே அதிகாரம், புனித உணவில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்றும் சொல்கிறது. பந்தியில் இடம் உண்டு, பீடத்தில் இடம் இல்லை என்பது இதன் சாரம். பௌத்த விநய நூலின் மகாவக்கம் கைகால் வெட்டுண்டவர், பார்வையற்றவர், நொண்டி நடப்பவர் ஆகியோருக்குத் துறவு தரலாகாது என்று பட்டியலிடுகிறது. சைவ ஆகமங்கள் ஆசாரியனின் இலக்கணம் சொல்லும் இடத்தில் அங்கப்பழுது இல்லாமையைச் சேர்க்கின்றன. சமயங்கள் பலவற்றில் வேறுபட்டாலும் இதில் ஏறக்குறைய ஒன்றுபட்டே இருந்தன.

கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கேள்வியை ஒரு சட்டப் பிரிவாகவே எழுதி வைத்திருந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 984ஆம் விதிப்படி, உடற்குறையால் பலிபீடப் பணியைப் பாதுகாப்பாகவோ கண்ணியமாகவோ செய்ய இயலாதவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்படத் தடை இருந்தது. விலக்கு வேண்டுமானால் தனியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் 1776இல் புதுச்சேரி மறைப்பணியை ஏற்றுக்கொண்டனர். 1844இல் இங்கே ஒரு சங்கம் கூட்டி உள்நாட்டுக் குருக்களை உருவாக்கும் திட்டத்தை வலுப்படுத்தினர். அந்த மரபில் வந்த குருமடங்களும் இதே விதிக்கு உட்பட்டவைதாம். 1983இல் வெளியான புதிய சட்டத் தொகுப்பில் உடற்குறை என்ற தனித் தடை இல்லை. பணிக்கு ஏற்ற உடல், உள இயல்புகள் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி நின்றுகொள்கிறது. அறுபத்தைந்து ஆண்டுகள் நடைமுறையில் இருந்த விதி அரவமில்லாமல் மறைந்தது.

விதிக்கு விலக்குகளும் இருந்தன. இயேசு சபைக் குரு ஐசக் ஜோக் 1642இல் வட அமெரிக்காவில் மோகாக் பழங்குடியினரிடம் சிறைப்பட்டு, சித்திரவதையில் கைவிரல்கள் சிதைந்த நிலையில் ஐரோப்பா திரும்பினார். சிதைந்த விரல்களால் நற்கருணை அப்பத்தைத் தொட்டுத் திருப்பலி நிறைவேற்ற அவருக்குத் திருத்தந்தை எட்டாம் உர்பான் அனுமதி அளித்தார். அதே இயேசு சபையை நிறுவிய இக்னேசியஸ் லொயோலாவின் கதை இன்னும் விந்தையானது. 1521இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகக் கூடித் துருத்திக்கொண்டு நின்றது. இறுக்கமான பூட்சு அணிய முடியாமல் போகுமே என்பதற்காக, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் அந்த எலும்பை அறுத்து எடுக்கச் சொன்னார். படுக்கையில் கிடந்த மாதங்களில் மனம் மாறியது. பூட்சு ஆசை போயிற்று. விந்தல் நடை மட்டும் கடைசி வரை போகவில்லை. பின்னாளில் அவரே தம் சபைக்கு எழுதிய அமைப்பு விதிகளில், சேர வருபவரிடம் பார்க்க வேண்டியவற்றுள் உடல்நலத்தையும் நல்ல தோற்றத்தையும் குறித்திருக்கிறார். தாம் விந்தி விந்தி நடந்துகொண்டே இந்த வரியை எப்படி எழுதினாரோ தெரியவில்லை.

ஏற்றுக்கொண்டவர், சண்டையிட்டவர்

நம் மரபில் இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. இவற்றை வரலாற்றுச் சான்றாக அல்லாமல், சமயத்தார் போற்றிக் காத்த நினைவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாமவர் இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான். காஞ்சிபுரம் அருகே கூரத்தில் செல்வராக இருந்து எல்லாவற்றையும் விட்டுத் திருவரங்கம் வந்தவர். சோழ மன்னனின் அவையில் குருவுக்குப் பதிலாகத் தாம் சென்று கண்களை இழந்தார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. பின்னர் இராமானுசர், காஞ்சி வரதரிடம் கண்களைக் கேட்குமாறு அவரைப் பணித்தார். கூரத்தாழ்வான் கேட்டதோ வேறு. தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தமக்குக் கிடைக்கும் அதே பேறு கிடைக்க வேண்டும் என்று வேண்டினாராம்.

இரண்டாமவர் சுந்தரர். திருவொற்றியூரைவிட்டுப் போகமாட்டேன் என்று சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதும் இரு கண்களும் மறைந்தன என்பது பெரியபுராணச் செய்தி. சுந்தரர் பேசாமல் இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய் இறைவனோடு உரிமையோடு சண்டை பிடித்தார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். மற்றவர்கள் சுந்தரரைக் குறைத்து மதிப்பிடவில்லை. சண்டை போட்டவரும் நாயன்மார்தான். கேட்காதவரும் ஆழ்வான்தான். "ஏற்றுக்கொள்ளுதல்" என்றால் முகம் சுளிக்காமல் இருப்பது என்று மட்டும் பொருள் கொள்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

பௌத்தத்தில் இதற்கு இணையான கதை சக்குபாலர் என்ற தேரருடையது. தம்மபத உரையின் முதல் கதை அது. மழைக்காலம் முழுவதும் படுப்பதில்லை என்ற நோன்பை விட மறுத்து, படுத்துக்கொண்டு கண்மருந்து விட்டுக்கொள்ளாமல் பார்வையை இழந்தவர். விநய விதி பார்வையற்றவருக்குத் துறவு தர மறுக்கிறது. உரைநூலோ பார்வை இழந்த ஒரு துறவியைக் கொண்டுதான் தன் முதல் கதையைத் தொடங்குகிறது.

சப்பாத்துக் கடையில் தொடங்கிய பயணம்

கே. டி. சேத்னா 1904 நவம்பர் 25 அன்று பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். சின்னஞ்சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கி ஒரு கால் பாதிக்கப்பட்டது. அந்த நோய்க்குக் காரணம் ஒரு நச்சுயிரி என்று வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் காட்டியதே 1908இல்தான். தடுப்பூசிக்கு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவரான தந்தை மகனை லண்டன் வரை அழைத்துச் சென்று அறுவை செய்வித்தார். நிமிர்ந்து நடக்க முடிந்தது. ஆனால் தாங்கித் தாங்கி நடக்கும் நடை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. இந்தக் காலோடு அவர் குதிரையேற்றம் பழகினார், அதில் பெரும் விருப்பமும் கொண்டிருந்தார். குதிரைமேல் ஏறிவிட்டால் நான்கு நல்ல கால்கள்!

பம்பாய் தூய சவேரியார் கல்லூரியில் தத்துவம் படித்த இளைஞர் புதுச்சேரிக்கு வந்த கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கிராஃபோர்டு மார்க்கெட்டில் ஒரு ஜோடி சப்பாத்து வாங்கினார். கடைக்காரர் பெட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் பிரித்தபோது அந்தத் தாளில் அரவிந்த கோஷின் ஆசிரமத்துக்குப் போய் வந்த ஒருவர் எழுதிய கட்டுரை இருந்தது. படித்து முடித்ததும் போக வேண்டிய இடம் இதுதான் என்று தீர்மானித்தார். கால் சரியில்லாத ஒருவருக்கு வழி காட்டியது சப்பாத்துப் பெட்டி. கதாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

1927 டிசம்பரில் மனைவியோடு புதுச்சேரி வந்து இறங்கினார். ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரலில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்த ஊருக்கு வந்தவர். 1926 நவம்பர் 24க்குப் பிறகு அவர் தனிமையில் இருந்தார். ஆசிரமப் பொறுப்பை அன்னை ஏற்றிருந்தார். அன்னையைச் சந்தித்த சேத்னா, வாழ்க்கை முழுவதையும் பார்த்துவிட்டேன், இனி இறைவன் ஒன்றே வேண்டும் என்றார். வயது என்ன என்று அன்னை கேட்டார். இருபத்துமூன்று. இந்த வயதுக்குள் எல்லாம் பார்த்தாகிவிட்டதா, அவசரப்படாமல் இங்கே இருந்து பார்த்துத் தீர்மானி என்ற பொருளில் அன்னை பதில் சொன்னார். கவனிக்க வேண்டியது, அன்று அவருக்குச் சொல்லப்பட்ட தயக்கம் வயதைப் பற்றியது. காலைப் பற்றியது அல்ல.

1928 பிப்ரவரி 21 அன்று முதன்முறையாக ஸ்ரீ அரவிந்தரைத் தரிசித்தார். 1930இல் "தூய ஒளிக்கதிர்" என்ற பொருளில் அமல் கிரண் என்ற பெயரை ஸ்ரீ அரவிந்தர் அளித்தார். தாம் எழுதிக்கொண்டிருந்த 'சாவித்ரி' காவியத்தின் பகுதிகளை 1936இல் முதன்முதலாக அவர் அனுப்பி வைத்ததும் இந்த இளைஞருக்குத்தான். அந்தக் காவியத்தைப் பற்றி இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்று அதைப் படிப்பவர்களுக்கு முக்கியமான துணை.

உடலே சாதனையின் களம்

மற்ற மரபுகளில் உடலைப் புறக்கணித்து ஆன்மாவைப் பற்றிக்கொள் என்று ஆறுதல் சொல்லிவிடலாம். ஸ்ரீ அரவிந்தரின் பூரண யோகத்தில் அந்த வாசல் அடைபட்டிருந்தது. உடலும் மாற்றம் பெற வேண்டும், உடலும் தெய்விகத்துக்கு இடமாக வேண்டும் என்பது அதன் கொள்கை. 1943 டிசம்பர் 2 அன்று ஆசிரமப் பள்ளி தொடங்கியபின் உடற்பயிற்சி ஆசிரம வாழ்வில் பெரிய இடம் பெற்றது. அன்னை தாமே எண்பதாவது வயது வரை டென்னிஸ் ஆடினார். ஆண்டுதோறும் டிசம்பர் 2 அன்று நடைபெறும் உடற்பயிற்சிக் காட்சியைப் புதுச்சேரிக்காரர்கள் அறிவார்கள். வெள்ளைச் சீருடையில் வரிசை வரிசையாக இளைஞர்கள். இந்தச் சூழலில் ஒரு கால் மெலிந்த சாதகர் தம் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது உண்மையான கேள்வி.

இதற்கு நடுவில் ஆசிரமத்தையே உலுக்கிய ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1938 நவம்பர் 24 விடியற்காலை சுமார் 2 மணி. அன்று தரிசன நாள். வெளியூர்களிலிருந்து அன்பர்கள் வந்து நிறைந்திருந்தனர். தம் அறையில் நடந்துகொண்டிருந்த ஸ்ரீ அரவிந்தர் தரையில் விரித்திருந்த புலித்தோலில் இடறி விழுந்தார். வலத் தொடை எலும்பு முழங்காலுக்கு மேலே முறிந்தது. தரிசனம் நிறுத்தப்பட்டது. சென்னையிலிருந்து மருத்துவர்கள் வந்தனர். எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டுப் போட்டு, வாரக்கணக்கில் காலை இழுவையில் வைத்தனர். உடலின் மாற்றத்தைப் பேசிய குருவே கால் முறிந்து கிடப்பதைச் சீடர்கள் பார்க்க நேர்ந்தது.

அப்போது உடனிருந்தவர்களில் ஒருவர் நிரோத்பரண். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர். 'ஸ்ரீ அரவிந்தருடன் பன்னிரண்டு ஆண்டுகள்' என்ற பொருள்படும் தம் நூலில், மீண்டும் முழங்காலை மடக்கவும், கக்கத்தில் கோல் தாங்கி நிற்கவும், நடக்கவும் அவர் பழகியதை ஒரு நோயாளிக் குறிப்பேடு போலவே பதிவு செய்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் யாரும் அருகில் வராத தனிமையில் இருந்தவர், இப்போது எழுந்து உட்காரவும் பிறர் கைகளை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. விளைவு எதிர்பாராதது. படுக்கையைச் சுற்றி அமர்ந்த பணிவிடையாளர்களோடு மாலைதோறும் உரையாடல் தொடங்கியது. உலகப் போர் முதல் கவிதை, மருத்துவம், வேடிக்கைக் கதை வரை எல்லாம் அதில் வந்தன. அந்த உரையாடல்கள் பின்னர் பல தொகுதிகளாக வெளிவந்தன. நின்றுபோன தரிசனத்துக்கு ஈடாக 1939 ஏப்ரல் 24 புதிய தரிசன நாளாயிற்று. இன்றும் அது தொடர்கிறது. ஆசிரம நாள்காட்டியில் ஒரு எலும்பு முறிவுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் தவறில்லை.

"ஒப்பிடுவதை விடுதல்"

இரண்டாம் உலகப் போரில் கைகால் இழந்த அமெரிக்க வீரர்களை ஆராய்ந்த உளவியலாளர் தமாரா டெம்போவும் அவருடைய குழுவினரும் 1956இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டனர். அந்தக் குழுவில் இருந்த பியட்ரிஸ் ரைட் 1960இல் அதை நூலாக விரித்தார். இழப்பை ஏற்பது என்பது இழந்ததை மறப்பது அல்ல என்பது அவர்களின் அடிப்படைக் கருத்து. மதிப்புகள் இடம் மாறுகின்றன. தம்மிடம் உள்ள வேறு மதிப்புகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. உடல்தோற்றம் முதலிடத்திலிருந்து இறங்குகிறது. குறை அதன் எல்லைக்குள் நிற்கிறது, ஆளை முழுவதும் விழுங்குவதில்லை. ஒரு செயலைப் பிறரோடு ஒப்பிடாமல் அதற்குரிய பயனால் மதிப்பிடும் பழக்கம் வருகிறது.

அமல் கிரணின் வாழ்க்கையை இதோடு வைத்துப் பார்க்கலாம். 1949இல் பம்பாயில் 'மதர் இந்தியா' இதழின் ஆசிரியரானார். 1954இல் நிலையாகப் புதுச்சேரி திரும்பியபின் ஆசிரமப் பள்ளியில் கவிதை வகுப்பெடுத்தார். அவை நூலாகவும் வந்தன. ஷேக்ஸ்பியர், பிளேக், மல்லார்மே, ஆரியர் சிக்கல், பண்டைய இந்தியப் பருத்தி என அவர் எழுதாத துறை குறைவு. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த இதழை நடத்தினார். விளையாட்டுத் திடல் அவருக்கு உரியதல்ல. அவருடைய திடல் மேசையாக இருந்தது.

அவரிடம் என்னை ஈர்ப்பது வேறொன்று. 'வாழ்க்கை, கவிதை, யோகம்' என்ற பொருள்படும் தலைப்பில் தொகுக்கப்பட்ட கடிதங்களில் தம் காலைப் பற்றியும் தாம் விழுந்து எழுந்ததைப் பற்றியும் அவர் ஒளிக்காமல், சிரித்துக்கொண்டே எழுதுகிறார். துன்பத்தைத் தவமாக்கிக் காட்டும் தொனி இல்லை. பரிதாபத்தை வரவழைக்கும் தொனியும் இல்லை.

இங்கே கேரளத்துப் புனித அல்போன்சாவை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். 1910இல் குடமாளூரில் பிறந்த அன்னக்குட்டி, திருமணப் பேச்சிலிருந்து தப்புவதற்காக 1923இல் உமி எரிந்துகொண்டிருந்த குழியில் காலை வைத்துப் பாதங்களைத் தீய்த்துக்கொண்டார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தப் பாதங்களோடு 1927இல் பரணங்கானம் கிளாரிஸ்ட் மடத்தில் சேர்ந்தார். 1935இல் நவகன்னியர் பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே இரத்தப்போக்கும் கால் புண்களும் அவரைப் படுக்கையில் தள்ளின. 1936 ஆகஸ்டு 12 அன்று நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். 1946இல் 35 வயதில் இறந்தார். 2008 அக்டோபர் 12 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரைப் பற்றிய எளிய நூல்கள் பலவும் துன்பத்தையே புகழ்கின்றன. படிக்கும் இளம் பயிற்சியாளர், வலியைச் சொல்வதே விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடும். அது ஏற்றுக்கொள்ளுதல் அல்ல, வாய் மூடுதல் என்பதே என் எண்ணம்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் இளம்பிள்ளைவாதத்தால் காலில் இரும்புச் சட்டம் போட்ட மாணவன் ஒருவன் இருந்தான். உடற்பயிற்சி வகுப்பில் மற்றவர்கள் திடலுக்குப் போகும்போது, பைகளைப் பார்த்துக்கொள் என்று அவனை வகுப்பறையில் உட்கார வைத்துவிடுவோம். நானும் அப்படிச் செய்தவன்தான். அவன் ஒருநாளும் முறையிடவில்லை. நல்ல பையன், ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆண்டு முடிவில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், அடுத்த வருஷம் ஸ்கோர் எழுதற வேலையாவது குடுங்க சார்." அவன் ஏற்றுக்கொண்டது தன் காலை. பை காக்கும் வேலையை அவன் ஏற்றுக்கொள்ளவே இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை பி.எட். படிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மடங்களிலும் நடப்பது இதுதான். 1930இல் பிரான்சில் தொடங்கிய 'சிலுவையில் அறையுண்ட இயேசுவின் பெனடிக்டின் சகோதரிகள்' என்ற சபை, நோயும் உடற்குறையும் உள்ள பெண்களை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதற்கென்றே உருவானது. நாள் ஒழுங்கையும் வழிபாட்டையும் அவர்களின் உடலுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டது. அவர்களை மாற்றச் சொல்லாமல் மணி அடிக்கும் நேரத்தை மாற்றினார்கள்.

அமல் கிரண் முதுமையில் வீட்டில் விழுந்து தொடை எலும்பு முறிந்தபின் சக்கர நாற்காலிக்கு மாறினார். பிறகும் மாலை வேளைகளில் ஆசிரமத்தின் நடுவே மரத்தடியில் உள்ள சமாதிக்கு அதில் வந்து அமர்வார். கடைசி ஆண்டுகளை ஆசிரம மருத்துவ இல்லத்தில் கழித்து, 2011 ஜூன் 29 அன்று 106ஆம் வயதில் புதுச்சேரியில் காலமானார். அதே ஆண்டு ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமியிடம் கண்டறியப்பட்டதே இந்தியாவில் பதிவான கடைசி இயற்கை நச்சுயிரி இளம்பிள்ளைவாதம். 2014 மார்ச் 27 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தை அந்த நோய் இல்லாத பகுதியாக அறிவித்தது.